வீடு மாறிய பிறகு தச்சுப்பட்டறை முரண்டு பிடிக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோவையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த டேபிள் சா (மேசைக்கு நடுவில் வட்ட பிளேடு எட்டிப் பார்க்கும் அறுவை மெஷின்), சென்னையில் இறக்கி வைத்ததும் ஓடாது. ஓடினாலும் நேராக வெட்டாது. நேராக வெட்டினாலும் கொஞ்ச நாளில் மேசைத் தளத்தில் துரு பூத்திருக்கும். லாரிக்காரரைத் திட்டத்தான் முதலில் வாய் வரும். சில சமயம் அதில் நியாயமும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் மெஷின் அப்படியேதான் இருக்கிறது. மாறியிருப்பது அதற்கு வரும் மின்சாரம், அது நிற்கும் தரை, அதைச் சுற்றியிருக்கும் காற்று. ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் இந்த மூன்றையும் சந்தேகப்படுங்கள். வந்த வேகத்தில் எல்லா போல்ட்டையும் தளர்த்திவிட்டால், எது முதலில் கெட்டிருந்தது, எதை நாம் கெடுத்தோம் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

போர்ட்டிகோவிலோ, பின்பக்க ஷெட்டிலோ, காலியான ஒரு அறையிலோ பட்டறை வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு டேபிள் சா, ஒரு டிரில், மரத்தில் காடி எடுக்க ஒரு ரூட்டர், கை இழைப்புளி, உளிகள், சேர்த்துவைத்த தேக்குப் பலகைகள். அவ்வளவுதான். நான் மாறியது கோவையிலிருந்து சென்னைக் கடலோரத்துக்கு என்பதால் உதாரணங்களும் அப்படியே வரும்.

எதில் கை வைப்பதாக இருந்தாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. இதை ஒவ்வொரு தலைப்பிலும் திரும்பச் சொல்லப்போவதில்லை.

சுவிட்சைப் போட்டதும் கரண்ட் போகிறது

போர்டில் எது விழுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஓட்டம் அளவு மீறினால் விழும் எம்சிபியா, மின்சாரம் கசிந்தால் விழும் ஆர்சிசிபியா? இரண்டுக்கும் காரணம் வேறு.

எம்சிபி விழுந்திருந்தால், மெஷினைக் குறை சொல்வதற்கு முன் அந்த எம்சிபியின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 2 எச்பி மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுத்துவிட்டுத்தான் அடங்கும். பி16 என்று போட்டிருந்தால், ஓட்டம் திடீரென 16 ஆம்பியரின் 3 முதல் 5 மடங்குக்குள், அதாவது 48 முதல் 80 ஆம்பியருக்குள் எங்கோ ஓரிடத்துக்கு ஏறியதும், அது பட்டென்று விழும். சி16 என்றால் 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160. பழைய வீட்டில் சி இருந்து, புது வீட்டில் லைட், ஃபேனுக்கு என்று பி போட்டிருந்தால், அதே மோட்டார் இங்கே ஒவ்வொரு தடவையும் கரண்டைப் போக்கும். மோட்டாரில் ஒரு கோளாறும் இருக்காது.

பட்டறைக்கு என்று போர்டிலிருந்து தனி லைன் இழுப்பதுதான் சரியான தீர்வு. 2.5 சதுர மி.மீ செம்பு ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட், சி வகை எம்சிபி. தூரம் அதிகமென்றால் 4 சதுர மி.மீ போட்டுவிடுங்கள். இந்த வேலைக்கு வருபவர்களில் ஒருவராவது, "எதுக்கு சார் இவ்ளோ? 32 போட்டுடலாம், விழவே விழாது" என்பார். விழாதுதான். எம்சிபி காப்பாற்றுவது மெஷினை அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரை. ஒயர் உள்ளே சூடாகிக் கருகினாலும் 32 சும்மா உட்கார்ந்திருக்கும். ஒயரை மாற்றாமல் எழுத்தை மாற்றலாம், எண்ணை மாற்றக் கூடாது.

ஆர்சிசிபி விழுந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. அதே சாக்கெட்டில் வேறொரு கருவியை ஓட்டிப் பாருங்கள். அது ஓடினால் கசிவு உங்கள் மெஷினில். மழைக் காலத்தில் வீடு மாறியிருந்தால், மூடாத லாரியில் வந்த மோட்டாரின் சுருளில் ஈரம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். மூடியைக் கழற்றி நல்ல வெயிலில் வைத்துக் காயவிடுங்கள். அப்புறம் மோட்டார் வைண்டிங் கடையில் மெகர் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் ஓட்டக் கூடாது. "ஆர்சிசிபியை எடுத்துட்டு டைரக்ட் கொடுத்துடலாம்" என்று யோசனை சொல்பவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை

உடனே அணையுங்கள். உறுமிக்கொண்டே நிற்கும் மோட்டார் சில நொடிகளில் சூடேறி எரியும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் பேரிங், பெல்ட் எல்லாம் சரி. அடுத்த சந்தேகம் எக்ஸ்டென்ஷன் ஒயர். புது வீட்டில் பட்டறைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் ஹால் முழுவதும் இருக்கும். அதனால் ஒரு நீள ஒயர் முளைத்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மீட்டர் ஒயர் என்றால் போக, வர 40 மீட்டர் செம்பு. 1 சதுர மி.மீ ஒயரில் அதன் தடை ஏறக்குறைய 0.7 ஓம். மோட்டார் கிளம்பும்போது 50 ஆம்பியர் இழுத்தால் ஒயரிலேயே 35 வோல்ட் போய்விடும். 230 வோல்ட் 195 ஆகிறது. மோட்டாரின் முறுக்கு விசை வோல்ட்டின் வர்க்கத்தோடு குறைவதால், அங்கே மிஞ்சுவது 72 சதவீதம்தான். ஏற்கெனவே வோல்ட்டேஜ் குறைவான தெருவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 2.5 சதுர மி.மீ ஒயரில் இதே இழப்பு 14 வோல்ட். சுருளாகச் சுற்றிய நிலையில் எக்ஸ்டென்ஷனை ஓட்டாதீர்கள், உள்ளே சூடாகி உருகும்.

ஒயர் சரி, வோல்ட்டேஜ் சரி, இன்னும் உறுமுகிறதா? சிங்கிள் ஃபேஸ் மோட்டாரென்றால் கண்டென்சர் போயிருக்கும். அல்லது மோட்டாருக்குள் இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் மரத்தூள் அடைத்து மாட்டியிருக்கும். லாரியில் குலுங்கி வந்ததில் பல வருஷத் தூள் இடம் மாறி உள்ளே போய் உட்கார்வது உண்டு. கண்டென்சர் பிளக் பிடுங்கிய பிறகும் மின்னேற்றம் பிடித்துவைத்திருக்கும். அதன் முனைகளை வெறும் கையால் தொடாதீர்கள். பழக்கமில்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட் அளவுதான் போட வேண்டும். கடையில் "இது கொஞ்சம் பவர் ஜாஸ்தி" என்று எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள்.

த்ரீ ஃபேஸ் மோட்டார் உறுமினால் ஒரு ஃபேஸ் வரவில்லை. கிணற்று மோட்டார் வைத்திருக்கும் விவசாயியைக் கேட்டால், இதில் எத்தனை மோட்டார் சுருள் எரிந்தது என்று சொல்வார். அவர்கள் மாட்டியிருக்கும் சிங்கிள் ஃபேஸ் தடுப்பானை நீங்களும் மாட்டிக்கொள்ளுங்கள்.

பிளேடு தலைகீழாகச் சுற்றுகிறது

த்ரீ ஃபேஸில் மட்டும் வரும் சிக்கல். புது வீட்டில் ஃபேஸ் வரிசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மூன்றில் ஏதாவது இரண்டு ஒயரை இடம் மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் பிளேடை மாட்டி வைத்துக்கொண்டு இதைச் சோதிக்காதீர்கள். தலைகீழாகச் சுற்றினால் பிளேடு நட் தானாகக் கழன்றுவரலாம். பிளேடைக் கழற்றிவிட்டு ஒரு தட்டு தட்டி அணைத்து, தண்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். டேபிள் சாவில் பிளேடின் மேல் விளிம்பு உங்களை நோக்கி வர வேண்டும்.

மெஷினைத் தொட்டால் சுர்ரென்கிறது

எர்த் இல்லை. வேலையை நிறுத்துங்கள். செருப்பு போட்டுக்கொண்டு ஓட்டுவது தீர்வு இல்லை. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஏறக்குறைய முழு வோல்ட்டேஜும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும். நியூட்ரல் பக்கம் அதற்கு மேல் போனால் எர்த் குழியைப் பார்க்க ஆள் கூப்பிடுங்கள். பழைய வாடகை வீடுகளில் சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் ஒயரே இருக்காது. வீட்டு உரிமையாளரோடு பேச வேண்டிய முதல் விஷயம் இதுதான், பெயின்ட் அல்ல.

வெட்டு மூலைமட்டத்துக்கு வரவில்லை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். அவசரப்பட்டு ஒன்றைத் திருப்பினால் அது இழுத்துக்கொண்டே போகும் இடம் இது.

முதலில் மெஷினை விட்டுவிட்டு மூலைமட்டத்தை எடுங்கள். பெட்டியில் கீழே கிடந்து, மேலே வைஸும் ஜி கிளாம்ப்களும் ஏறி வந்திருக்கும். அது விழுந்திருந்தால் அதை வைத்து நீங்கள் சரிசெய்யும் எல்லாமே கோணலாகும். ஓரம் நேராக இருக்கும் ஒரு பிளைவுட் துண்டை எடுத்து, மூலைமட்டத்தை ஓரத்தில் அணைத்து, கூர்மையான பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பிறகு மூலைமட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் மட்டம் சரி. கோடுகள் விரிந்தால், விரிந்த இடைவெளியில் பாதிதான் மட்டத்தின் பிழை. கோடு போடுவதை வெளிச்சத்தில் செய்யுங்கள். பென்சில் முனை மழுங்கியிருந்தால் அதுவே அரை மில்லிமீட்டரைத் தின்றுவிடும்.

மட்டம் சரியென்றால் பிளேடு. அதை 90 டிகிரி நிறுத்தம் வரை நிமிர்த்தி, மேசைக்கும் பிளேடுக்கும் மட்டத்தை வைத்துப் பாருங்கள். பிளேடின் பல் மேல் வைக்காதீர்கள். பற்கள் தகட்டைவிடப் பருத்தவை, பற்களுக்கு நடுவில் தகட்டில்தான் வைக்க வேண்டும். வெளிச்சம் தெரிந்தால், நிறுத்த ஸ்க்ரூவைத் திருப்புவதற்கு முன் அதன் பின்னால் பார்த்துவிடுங்கள். அநேகமாக அங்கே ஒரு கட்டி மரத்தூள் இருக்கும். பழைய டூத் பிரஷால் தட்டினால் போதும்.

அடுத்து பிளேடு மேசைக் காடிக்கு, அதாவது மேசைத் தளத்தில் ஓடும் நீளப் பள்ளத்துக்கு, இணையாக இருக்கிறதா என்று. டேபிள் சாவில் மோட்டாரின் எடை முழுவதும் மேசைக்கு அடியில் தொங்குகிறது. தலைகீழாகக் கவிழ்த்தோ, இருபக்கச் சிறகுகளைப் பிடித்துத் தூக்கியோ ஏற்றி இறக்கியிருந்தால் நகர்வது இங்கேதான். பிளேடில் ஒரே ஒரு பல்லை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து காடியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளங்கள். பிளேடைச் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளங்கள். ஒரே பல்லை வைத்து அளப்பதால் பிளேடின் சின்ன வளைவு கணக்கைக் கெடுக்காது. இரண்டு அளவும் 0.1 மி.மீ-க்குள் ஒத்துப்போனால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் மேசையை, அல்லது உங்கள் மெஷினில் எது நகருமோ அதை, தாங்கும் போல்ட்டுகளில் மூன்றைத் தளர்த்தி, நான்காவதை லேசான இறுக்கத்தில் விட்டு, கொட்டாப்புளியால் லேசாகத் தட்டி அளந்து, தட்டி அளந்து, இறுக்குங்கள். இறுக்கிய பிறகும் ஒருமுறை அளக்க வேண்டும், இறுக்கும்போதும் நகரும்.

கடைசியாக மைட்டர் கேஜ், அந்தக் காடியில் ஓடி, பலகையைக் கோணம் பிடித்துத் தள்ளும் தாங்கி. இதற்கு மூலைமட்டத்தைவிட நுட்பமான சோதனை ஐந்து வெட்டு முறை. 400 மி.மீ அளவில் ஏறக்குறைய சதுரமான ஒரு பிளைவுட் பலகை. ஒரு பக்கத்தை வெட்டி, வெட்டிய பக்கத்தை கேஜில் சாய்த்து அடுத்த பக்கம், இப்படி நான்கு பக்கமும் வெட்டுங்கள். ஐந்தாவது வெட்டில் முதல் பக்கத்திலிருந்து ஒரு பட்டியை அறுத்தெடுத்து, அதன் இரு முனைகளிலும் அகலத்தை வெர்னியரால் அளங்கள். பிழை ஒவ்வொரு வெட்டிலும் கூடிக்கொண்டே வந்ததால், வித்தியாசத்தை நான்கால் வகுத்தால் ஒரு வெட்டின் பிழை. 1.2 மி.மீ வித்தியாசம் வந்தால் 400 மி.மீ-க்கு 0.3 மி.மீ கோணல். அலமாரிக்கு 0.1-க்குள் கொண்டுவந்தால் தாராளம்.

வெட்டின ஓரம் கருகுகிறது, பலகை இறுகுகிறது

கருகல் ஒரு பக்கம் மட்டும்தானா என்று கவனியுங்கள். ஃபென்ஸ் (பலகையை அணைத்துத் தள்ளும் நீளத் தடுப்பு) பக்கத்து ஓரம் கருகினால் அதன் பின்முனை பிளேடை நோக்கி நெருங்கியிருக்கிறது. இது அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. நெருங்கிய ஃபென்ஸுக்கும் பிளேடின் பின்பக்கப் பற்களுக்கும் நடுவில் மாட்டும் பலகை உங்கள் வயிற்றை நோக்கித் திரும்பி வரும். மேலே சொன்னபடி பிளேடைக் காடிக்கு இணையாக்கிய பிறகு, ஃபென்ஸையும் அதே காடிக்கு இணையாக வையுங்கள். பின்முனை ஒரு காகிதப் பருமன் விலகியிருந்தாலும் பரவாயில்லை, நெருங்கக் கூடாது. பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரைவிங் நைஃப் என்ற தகட்டைப் பேக்கிங்குக்காகக் கழற்றியிருப்பீர்கள். அதைத் திரும்ப மாட்டியாயிற்றா?

இரு பக்கமும் கருகினால் பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது பற்களில் பிசின் ஒட்டியிருக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு மாட்டுங்கள்.

மேசை ஆடுகிறது, மெஷின் அதிர்கிறது

போர்ட்டிகோ தரை மட்டமாக இருக்காது, இருக்கவும் கூடாது. தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துத்தான் கொத்தனார் போட்டிருப்பார். 100-க்கு 1 வாட்டமென்றால் 2 மீட்டர் நீள மேசையில் இரு முனைக்கும் 20 மி.மீ வித்தியாசம். ஆனால் நல்ல செய்தி, மேசை பூமிக்கு மட்டமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அது முறுக்கிக்கொள்ளாமல் இருந்தால் போதும். நேரான இரண்டு ரீப்பர் கட்டைகளை மேசையின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, குனிந்து ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டின் மேல்விளிம்பும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால், மேசையின் அதே முனையில் மறுபக்கக் காலுக்கு அடியில் பேக்கிங். ரசமட்டத்தை நம்பி நான்கு காலையும் தூக்கிக்கொண்டிருக்காதீர்கள்.

பேக்கிங்குக்கு பிளைவுட் துண்டு வேண்டாம், சாரல் அடித்தால் ஊறிப் பிரியும். வீடு கட்டினவர்கள் விட்டுப்போன கிரானைட் பட்டை எங்காவது மதில் ஓரத்தில் கிடக்கும். அது போதும். மரக் கால்களின் அடி வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும் என்பதால், தரைக்கும் காலுக்கும் நடுவில் கல்லோ ரப்பரோ இருப்பது எப்படியும் நல்லது.

மாடியில் பட்டறை வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 875 சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. கனமான வார்ப்பிரும்பு மெஷினும், பக்கத்திலேயே அடுக்கிய பலகைக் கட்டும் சேர்ந்தால் அந்த எல்லை தூரத்தில் இல்லை. அறை நடுவில் வைக்காமல் பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள், பலகையை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோங்கள்.

துரு

கடலோரத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் எதிர்பார்ப்பதுதான், வேகத்தைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. காலையில் மேசையில் கை ஊன்றி நின்ற இடத்தில், மாலையில் ஐந்து விரலின் ரேகையும் பழுப்பாகத் தெரியும். கையின் வியர்வையிலும் கடல் காற்றிலும் இருப்பது ஒரே உப்பு. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் பிடித்துவைக்கிறது.

முதல் வேலை, பேக்கர்ஸ் கொடுத்த அட்டைப்பெட்டிகளிலிருந்தும் செய்தித்தாளிலிருந்தும் உளிகளை வெளியே எடுப்பது. காகிதம் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்திருக்கும். "அப்புறம் பிரிக்கலாம்" என்று மூலையில் தள்ளிய பெட்டியில்தான் பெரிய நஷ்டம் இருக்கும். பூத்த துருவை மண்ணெண்ணெய் தொட்டு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் ஒரே திசையில் தேய்த்தெடுங்கள். மேசைத் தளத்துக்கு மெழுகு: பேஸ்ட் வேக்ஸ் இருந்தால் நல்லது, இல்லையென்றால் தேன்மெழுகு. பூசி, காய்ந்ததும் துணியால் தேய்த்து எடுத்தால் பலகையும் வழுக்கிக்கொண்டு போகும். உளிக்கும் இழைப்புளித் தகட்டுக்கும் தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணி. நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்து மரத்தூளைச் சேர்த்துக்கொள்ளும். சிலிகான் ஸ்ப்ரே கண்டிப்பாக வேண்டாம். மேசையிலிருந்து அது பலகைக்கு ஏறினால், பாலிஷ் அடிக்கும்போது மீன் கண் போலக் குழி குழியாக விலகும். காரணம் தெரியாமல் பாலிஷைக் குறை சொல்வோம்.

பிளாஸ்டிக் தாளை மெஷினைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே வராது. கருவி அலமாரிக்குள் ஒரு சின்ன குண்டு பல்பு எரியவிட்டால் உள்ளே காற்று வெளியைவிடச் சற்றுச் சூடாகி ஈரப்பதம் குறையும். செலவும் பெரிதாக இல்லை.

டிராயர் இறுகிவிட்டது, பலகை வளைந்துவிட்டது, இழைப்புளியின் ஆப்பு வரவில்லை

மூன்றும் ஒரே காரணம். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும் இடத்தில் மரம் 9 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். 75 சதவீதக் காற்றில் 14. இந்த ஐந்து புள்ளி வித்தியாசத்தில், படுக்கைவாட்டில் அறுத்த 300 மி.மீ அகலத் தேக்குப் பலகை 2.5 மி.மீ-க்கு மேல் அகலும். நீளத்தில் ஒன்றும் தெரியாது. உலகத்தில் குறைவாக அசையும் மரங்களில் ஒன்று தேக்கு. அதற்கே இது.

டிராயர் இறுகினால் இழைப்புளியைத் தூக்காதீர்கள். ஐப்பசி மழையில் இழைத்துச் சரிசெய்த டிராயர் பங்குனியில் தொளதொளக்கும். ஓடும் விளிம்புகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுக் காத்திருங்கள். வெயில் காலத்திலும் இறுகினால் அப்போது இழைக்கலாம்.

கொண்டுவந்த பலகைகளை சுவரில் சாய்த்து வைக்காமல், தரையிலிருந்து உயர்த்தி, ஒரே பருமனான ரீப்பர் துண்டுகளை இடையிடையே கொடுத்துப் படுக்கவையுங்கள். துண்டுகள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று வர வேண்டும். எப்போது வேலைக்குத் தயார் என்று தெரிந்துகொள்ள ஈரமானி வாங்க வேண்டியதில்லை. அதே பலகையிலிருந்து ஒரு துண்டை அறுத்து, தேதி எழுதி, சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து, எடையை அதன் மேலேயே பென்சிலால் குறித்துவையுங்கள். எடை கூடுவதும் குறைவதும் நின்றுவிட்டால் அந்தத் துண்டு புது வீட்டுக் காற்றுக்குப் பழகிவிட்டது. பெரிய பலகை உள்வரை பழக இன்னும் கொஞ்ச நாள் கூட எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மர இழைப்புளியில் ஆப்பு இறுகியிருந்தால் ஆப்பைப் பிடித்து நெம்பாதீர்கள். இழைப்புளியின் பின்முகத்தில் கொட்டாப்புளியால் சுருக்கென்று ஒரு தட்டு, ஆப்பு தளரும். அடித்தளம் அசைந்திருந்தால், வீட்டுக்கு வந்து சில வாரம் ஆன பிறகு கண்ணாடி மேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்துச் சரிசெய்யலாம். தகட்டை உள்ளே இழுத்துவிட்டு, ஆப்பை வழக்கம்போல இறுக்கிய நிலையிலேயே தேய்க்க வேண்டும். ஆப்பு இறுகும்போது கட்டை சற்று வளையும், அந்த வளைவோடுதான் தளம் சமமாக இருக்க வேண்டும்.

பாலிஷ் வெளுக்கிறது, பசை பிடிக்கவில்லை

லாக்கர் அடித்த சில நிமிஷத்தில் பால் படர்ந்தது போல வெளுத்தால் சரக்கு போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்கிறது. ஈரக் காற்று அதன் மேல் நீராகப் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. மழை நாளிலும் அதிகாலையிலும் அடிக்காதீர்கள், வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைக் கொஞ்சம் கலந்துகொள்ளலாம். ஏற்கெனவே வெளுத்ததன் மேல் அதே ரிடார்டரை மெல்லிசாக ஒரு கை அடித்தால் பெரும்பாலும் தெளியும். அரக்குப் பாலிஷுக்கும் இதே நோய் உண்டு.

இடையில் ஒன்று: ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது சூடாகி, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே பற்றும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள்.

பசை: லாரியில் வெயிலில் வந்த டப்பாவைச் சந்தேகப்படுங்கள். கெட்டியாகி நூல் நூலாக இழுத்தால் போய்விட்டது. இரண்டு துண்டுகளை ஒட்டி மறுநாள் உடைத்துப் பாருங்கள். மரம் கிழிந்து வந்தால் பசை நல்லது. ஒட்டிய கோட்டிலேயே சுத்தமாகப் பிரிந்தால் வேறு டப்பா வாங்குங்கள்.

பலகைக் கட்டுக்கு அடியில் பொடி விழுகிறது

விரலில் தொட்டால் மாவாக இருக்கும் பொடியும், மரத்தில் 1 முதல் 2 மி.மீ வட்டத் துளைகளும் இருந்தால் மரத்தைத் துளைக்கும் வண்டு. அது தின்பது வைரத்தை அல்ல, வெளியே இருக்கும் வெள்ளையை. மண் வழி தெரிந்தால் அது கறையான், சிகிச்சை மரத்துக்கு அல்ல, வீட்டின் அடித்தரைக்கு. வண்டு பிடித்த பலகையை உடனே பிரித்துத் தனியாக வையுங்கள். வெள்ளைப் பகுதியை அறுத்துத் தள்ள முடிந்தால் அறுத்துவிடுங்கள். மீதிக்குப் போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த கரைசல். இழைத்த பச்சைப் பரப்பில்தான் அது உள்ளே இறங்கும், பாலிஷ் அடித்ததன் மேல் பூசிப் பயனில்லை. புது வீட்டில் ஜன்னல் நிலையும் கதவும் மரமென்றால், பழைய பலகைகளை அவற்றிலிருந்து தள்ளியே வையுங்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வருகிறது

குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் எல்லை பகலில் 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. ரூட்டரின் சத்தம் இதையெல்லாம் பக்கத்தில் நின்றே தாண்டிவிடும். அதனால் சட்டத்தைவிட நேரத்தைப் பேசி வைத்துக்கொள்வதுதான் உதவும். புதுத் தெருவில் யார் வீட்டில் கைக்குழந்தை, யார் இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குகிறார் என்று முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள். மெஷினுக்கு அடியில் தடித்த ரப்பர் போட்டால் தளம் வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும் அதிர்வு குறையும். காற்றில் போகும் சத்தத்துக்கு அது உதவாது.

தூளுக்கு வரும் புகார் நியாயமானது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில்தான் உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. பெரிய சீவல் கீழே விழுந்துவிடும், கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் மணிக்கணக்கில் மிதக்கும். அதனால் எம்டிஎஃப் வெட்டும் நாளில் மட்டுமல்ல, உப்புத்தாள் தேய்க்கும் நாளிலும் என்95 போடுங்கள். வேலை முடிந்த கையோடு கழற்றாதீர்கள், பெருக்கி முடிக்கும் வரை இருக்கட்டும். ஃபேனை வெளிப்பக்கம் திருப்பி வைப்பதற்கு முன், அந்தப் பக்கம் யார் வீட்டுத் துணி காய்கிறது, மாடியில் யாராவது வடாம் போட்டிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிடுங்கள்.